முன்தேதி போட்ட வேர்கள்

ஹுமோவா மொழியை உருவாக்கியவன் நான்தான் என்று உலகம் நம்புகிறது. இருபத்திரண்டு நாடுகளில் பிள்ளைகள் அதில் சண்டை போடுகிறார்கள், காதலிக்கிறவர்கள் அதில் கொஞ்சுகிறார்கள். ஒருவர் தன் நாய்க்கு அதில் பெயர் வைத்திருப்பதாக எழுதியிருந்தார். பேட்டிக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "இத்தனை சொல்லும் எங்கேயிருந்து சார் வந்துச்சு?" நானும் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன். அது பொய். ஒரே ஒரு தடவை, சபையில் நின்று, சத்தியம் செய்து உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தரும் நம்பவில்லை.

என் பெயர் சிபி. கோயம்புத்தூரில் ஒரு விளையாட்டு நிறுவனத்தில் சொல் செய்கிறவன். கணினி விளையாட்டுகளில் வரும் அரக்கர்களும் தேவதைகளும் பேசுவதற்கு மொழி தயாரித்துக் கொடுப்பது என் வேலை. இதை எந்திரங்கள் எப்போதோ பிடுங்கிக்கொண்டிருக்க வேண்டும். பிடுங்கத்தான் செய்தன. நிமிடத்துக்கு ஒரு மொழி பெற்றுப் போட்டன. ஆனால் விளையாடுகிறவர்கள் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். "கழுவி வச்ச தட்டு மாதிரி இருக்கு, இதுல யாரும் சாப்பிட்டதே இல்ல" என்று ஒருவர் எழுதினார். அந்த ஒரு வரிதான் எங்களுக்கு மறுபடியும் வேலை வாங்கிக் கொடுத்தது. மனிதர் செய்த சொல் வேண்டும் என்று எங்களைத் தேடிப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

உட்கார்ந்த பிறகு ஒன்று தெரிந்தது. நான் செய்த மொழிகளும் கழுவி வைத்த தட்டுகள்தான்.

'பெருங்கிணறு' என்ற விளையாட்டுக்கு மொழி கேட்டார்கள். பூமிக்கு அடியில், தண்ணீருக்குள் வாழும் ஒரு பழைய இனம். நாற்பது நாள் கெடு. நான் கொண்டுபோன மூன்று மொழிகளையும் இயக்குநர் ராஜலிங்கம் கேட்டார், முகத்தைச் சுளிக்காமல் திருப்பித் தந்தார். அவர் நல்ல மனிதர், கோபப்பட மாட்டார். கோபப்பட்டிருந்தால் வேறு வேலைக்குப் போயிருப்பேன், எல்லாருக்கும் நல்லதாயிருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வடவள்ளியில் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அக்கா மோகனப்ரியா, என்னைவிட ஆறு வயது பெரியவள், பம்பு மோட்டார் தயாரிக்கிற தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். அவள் ஒரே மகள் மகிழினிக்கு அப்போது ஆறு வயது. மகிக்குப் பிறவியிலேயே நாக்கு நரம்பு பலமில்லை. நாக்கு மேலண்ணத்தைத் தொடாது. தொண்டையிலும் குரல் எழும்பாது, வெறும் காற்றுதான். கழுத்தில் ஒரு பட்டை கட்டியிருப்பாள். அது அவள் மூச்சை வாங்கி, நல்ல குழந்தைக் குரலாக்கி வெளியே விடும். பட்டை குரலைத்தான் தரும், நாக்கைத் தராது. நாக்கு இல்லாமல் 'தண்ணி' என்று சொல்ல முடியாது, 'அக்கா' என்று சொல்ல முடியாது. தமிழில் பாதி அவளுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அதனால் உதட்டையும் மூக்கையும் மூச்சையும் வைத்து அவளே ஒரு பேச்சைச் செய்துகொண்டாள்.

அன்றைக்கு அவள் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். எதற்கென்று நினைவில்லை, தலை பின்னுவதற்காக இருக்கும். நான் சோற்றில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். வசவு, கெஞ்சல், பேரம், நக்கல் எல்லாம் அதில் இருந்தன. இத்தனை நாளாக நான் முக்கியும் வராத ஒன்று, எண்ணெய் வழியும் தலையோடு எதிரே நின்று கத்திக்கொண்டிருந்தது.

"அக்கா, அவ சொல்றது பூரா உனக்குப் புரியுமா?"

"புரியாம? நோட்டுல எழுதியே வச்சிருக்கறேன். ஆஸ்பத்திரில கேட்டாங்கன்னு ரெண்டு வயசுலயிருந்து எழுதறேன். நானூத்திச் சொச்சம் இருக்குது."

நீல அட்டை போட்ட நோட்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே அது பிறந்த கதையும் இருந்தது. 'ஹீம்' என்றால் பசி. குக்கர் விசில் அடிக்கும் முன்னால் முனகுவதிலிருந்து வந்தது. 'வூம்' என்றால் அம்மா. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் அக்கா அவளை மூன்று வயது வரை சோதனைக் கொட்டகையில்தான் தூளி கட்டிப் போட்டிருந்தாள். அங்கே ஓடும் மோட்டாரின் சத்தம்தான் அவளுக்கு அம்மா. 'ஃபூப்' என்றால் போய்விடுவது. அவள் அப்பா ஓசூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று பஸ் ஏறியவர், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். அன்றைக்குக் காந்திபுரம் பஸ் நிலையத்தில் அந்தப் பஸ்ஸின் கதவு காற்றை விட்டு மூடிய சத்தம்தான் ஃபூப்.

"இதுல ஒண்ணு ரெண்டு எடுத்துக்கட்டுமாக்கா? விளையாட்டுல போடறதுக்கு."

அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "என்ற பொண்ணு பேச்சு அதுலெல்லாம் வருமாடா? எடுத்துக்க சாமி, எடுத்துக்க."

நோட்டோடு எடுத்துக்கொண்டேன். நானூற்றுப் பன்னிரண்டு.

இங்கே எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லைச் செய்தால் மட்டும் போதாது, அதற்கு 'வேர் போட' வேண்டும். கற்பனை மொழிகளைத் திருடி விற்பது பெருகிப்போய், அவற்றையும் பதிவு செய்யலாம் என்று சட்டம் வந்திருந்தது. மூவாயிரம் ஆண்டுக்கு முன் அந்தச் சொல் எப்படி இருந்தது, எந்த ஓசை தேய்ந்து எதுவாயிற்று, எந்தக் கிளைமொழியில் எப்படித் திரிந்தது என்றெல்லாம் எழுதிக் கொடுத்தால்தான் பதிவகம் அதை ஆக்கிய சொல் என்று ஏற்கும். வேர் இல்லாத சொல் எங்கிருந்தாவது தூக்கி வந்ததாக இருக்கலாம் என்பது அவர்கள் சந்தேகம். என் விஷயத்தில் ரொம்ப நியாயமான சந்தேகம். ஆனால் எனக்கு வேர் போடத் தெரியும். சொல் செய்ய வராதவனுக்கு ஆண்டவன் அந்த ஒன்றையாவது கொடுத்திருந்தான்.

'வூம்' என்ற சொல்லுக்கு 'வுஹும்' என்று ஒரு முதுமூதாதையை உண்டாக்கினேன். நெருப்பைக் காக்கும் குகை என்று பொருள். குகை தாயாயிற்று, தாய் அரசியானாள். 'ஃபூப்' என்பது 'ஃபுஹப்' என்பதன் தேய்வு. காற்று நிரம்பிய தோல்பையை அவிழ்த்துவிட்டு ஆழத்துக்குப் போவது, அதனால் பிரிவு, அதனால் மரணம். மகியின் வாயில் வரக்கூடிய ஓசைகள் எவையோ அவற்றை மட்டும் வைத்துப் பதினான்கு விதிகள் எழுதினேன். அந்த விதிகளை வைத்து நானூற்றுப் பன்னிரண்டை ஒன்பதாயிரமாகப் பெருக்கி, ஹுமோவா என்று பெயர் வைத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே அழகான வேலை அதுதான். ஒரு ஓட்டை கிடையாது.

பிறகு முன்தேதி. இது எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்கிற சின்னத் தில்லுமுல்லு. கல்லூரி நாளில் கிறுக்கிய கோப்புகளை முத்திரை போட்டுப் பதிவகத்தில் வைத்திருப்போம். புதிய வேர்களை அந்தப் பழைய கோப்புக்குள் 'திருத்திய படி' என்று நுழைத்துவிட்டால் பழைய தேதியே நிற்கும். கல்யாணப் பத்திரிகையில் சொந்தக்காரன் பெயருக்குப் பின்னால் இல்லாத பட்டத்தைப் போடுகிற மாதிரி, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பத்தொன்பது வயதிலேயே ஒரு முழு மொழியைக் கனவு கண்டவன் என்று பெயர் வாங்க எனக்கு ஆசை. போட்டேன். மகி பிறப்பதற்கு ஏழு வருடம் முந்தைய தேதி.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் வைத்தது எனக்கு இல்லை, என் மடியில் உட்கார வைத்துக் காது குத்திய பிள்ளைக்கு.

விளையாட்டு வந்தது. ஊர் பற்றிக்கொண்டது. நாக்கே தேவைப்படாத மொழி, என்ன மேதைமை என்று எழுதினார்கள். எனக்கு ஒரு விருது கொடுத்தார்கள், போய் வாங்கிக்கொண்டேன். அந்த நாளில் நடந்த ஒரே நல்ல காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சாயங்காலம் பூங்காவில் மகி சறுக்குமரத்துக்கு வரிசையில் நின்றபோது, பின்னால் நின்ற ஒரு பெண் குழந்தை பசிக்கிறது என்று தன் தோழியிடம் 'ஹீம்' என்றாள். மகி திரும்பிப் பார்த்தாள். அம்மாவைத் தவிர வேறொருத்தர் அவள் பேச்சைப் பேசி அவள் கேட்டதில்லை. வீட்டுக்கு ஓடி வந்து, மூச்சு வாங்க, அதை ஏழெட்டுத் தடவை சொன்னாளாம். அக்கா எனக்குப் போன் பண்ணி அழுதாள். "அவளுக்கு ஒரு ஊரே கொடுத்துட்டடா தம்பி" என்றாள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவள் மறுபடி போன் பண்ணினாள். "சிபி, நீ உடனே பள்ளிக்கூடத்துக்கு வாடா."

போனேன். மகி தலைமையாசிரியை அறையில் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள். அவள் கழுத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். பக்குவமான, விமான நிலையத்துக் குரல்.

"வணக்கம். நீங்கள் பயன்படுத்துவது பதிவு பெற்ற மொழி. உரிமம் பெற்ற அரங்கங்களில் மட்டுமே இதை ஒலிக்கலாம். ஒத்துழைப்புக்கு நன்றி."

மகி பயந்து இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி முயன்றாள். மறுபடியும் அதே வணக்கம், அதே நன்றி.

"எட்டு வருசத்துல என்ற பொண்ணு கழுத்துலருந்து வந்த மொதத் தமிழ்டா இது" என்றாள் அக்கா. "யாரோ பதிவு பண்ணியிருக்கறாங்களாம். அவ பேச்சை எப்படிறா யாரோ பதிவு பண்ண முடியும்?"

அந்த அறையில் வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. வெளியே வேப்பமரத்தடிக்கு வந்த பிறகு சொன்னேன். ஒன்று இரண்டு இல்லை, முழு நோட்டும். என் பெயரில். அவள் பிறப்பதற்கு முந்தைய தேதியில்.

அக்கா என்னை அடிக்கவில்லை. "தாய்மாமன் சீர் நல்லாத்தான் செஞ்சிருக்கறே" என்றாள்.

அன்றைக்கே ராஜலிங்கத்திடம் போனேன். அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்து, பொறுமையாக விளக்கினார்.

"இது நாம பண்ணதில்லீங்க சிபி. புதுச் சட்டம். குரல் வெளியே விடற எந்தச் சாதனமா இருந்தாலும், காதுக்கருவியோ கழுத்துப்பட்டையோ, பதிவு மொழி வந்தா நிறுத்தணும். திருட்டு விளையாட்டைத் தடுக்கத்தான் கொண்டு வந்தாங்க. உங்க அக்கா பொண்ணு நடுவுல மாட்டிக்குவான்னு யாருக்குத் தெரியும்?"

"விலக்கு வாங்கித் தாங்க சார். ஒரு பிள்ளைக்கு."

"ஒரு பிள்ளைக்குன்னு சட்டத்துல எடமில்லீங்க. ஒரே ஒரு வழி இருக்குது. ஒரு ஆளோட பிறவிப் பேச்சுன்னு நிரூபிச்சா அதை யாரும் பதிவு பண்ணி வச்சிருக்க முடியாது, ரத்தாயிரும். நீங்க அதைத்தான் செய்யப் போறீங்கன்னா, நான் தடுக்க மாட்டேன். ஆனா எங்க வக்கீலும் வருவாங்க."

"தட்டுற பலகை ஒண்ணு இருக்குமே, படத்தைத் தொட்டா தமிழ்ல பேசுமே..." என்று அக்காவிடம் அன்று மாலை ஆரம்பித்தேன்.

"பேசும். அது பேசறது யாரோ ஒரு பொம்பள. சண்டை போடணும்னா அவ எந்தப் படத்தைத் தொடுவா? நீ சொல்றா, எந்தப் படம்?"

பதிவை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட்டோம். சென்னையில் விசாரணை. பதிவு மன்றத்தின் தலைவர் வயதானவர், அடிக்கடி கண் செருகுகிறவர். நிறுவனத்தின் தரப்பில் சான்று சொல்ல முனைவர் செண்பகவல்லி என்ற மொழியியலாளர் வந்திருந்தார். என் வேர்களைப் பாராட்டி ஒரு கட்டுரையே எழுதியவர்.

நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். குக்கர், மோட்டார் கொட்டகை, காந்திபுரத்து பஸ் கதவு. நீல நோட்டைக் காட்டினேன்.

செண்பகவல்லி அதைப் புரட்டிப் பார்த்தார். ஏளனம் எதுவும் இல்லை, வருத்தமாகத்தான் பேசினார். "ஐயா, மக்கள் ஒரு சொல்லுக்குக் காரணம் தெரியாதபோது இந்த மாதிரிக் கதை கட்டுவது வழக்கம். எல்லா ஊரிலும் உண்டு. பசிக்கும் குக்கருக்கும் சம்பந்தம் என்ன? அம்மாவுக்கும் மோட்டாருக்கும்? ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு காரணம், ஒரு ஒழுங்கும் கிடையாது. திரு. சிபியின் வேர்களைப் பாருங்கள். பதினான்கே விதியில் ஒன்பதாயிரம் சொல்லும் அடங்குகின்றன. ஒரு விதிவிலக்கு இல்லை."

"விதிவிலக்கே இல்லேன்னா அது பொய்தானுங்களே மேடம்?" என்றேன். "எந்த உண்மையான மொழியில விதிவிலக்கு இல்லாம இருக்கு?"

"அதனால்தான் இது ஆக்கிய மொழி என்கிறேன்" என்றார்.

தலைவர் தேதிகளைக் கேட்டார். நோட்டின் முதல் பக்கம் மகியின் இரண்டாவது வயதில். என் கோப்பு அதற்கு ஒன்பது வருடம் முந்தையது, பதிவகத்தின் முத்திரையோடு. முன்தேதி போட்டேன் என்று சொன்னேன். எல்லாரும் போடுகிறோம் என்றும் சொன்னேன். எங்கள் சங்கத்தில் கேட்டார்கள். அப்படி ஒரு வழக்கமே கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதில் கையெழுத்துப் போட்ட மூன்று பேருக்கும் முன்தேதி போடச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

"மாமா தன் மொழியை மருமகளுக்குத் தொட்டில் பருவத்திலேயே கற்றுக் கொடுத்திருக்கிறார். பாசமான செயல்தான். இப்போது அந்தப் பிள்ளைக்காகப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார்" என்றார் நிறுவனத்தின் வக்கீல். சபையே என்னை இரக்கத்தோடு பார்த்தது. திருடன் என்று ஒப்புக்கொண்டவனைத் தியாகியாக்கிவிட்டார்கள்.

அக்கா எழுந்தாள். "என்ற பொண்ணு இப்பவும் புதுசு புதுசா சொல்றாளுங்க. அவ மாமன் கனவுலயும் நெனைக்காத சொல்லு. பூட்டை எடுத்துட்டு அவளைப் பேச விட்டுப் பாருங்க."

நல்ல யோசனை என்றார் தலைவர். தடையில்லாத ஒரு பட்டையைக் கொண்டு வந்து மகிக்குக் கட்டினார்கள். இரண்டு மாதமாகப் பேசாத பிள்ளை. இங்கே பேசலாம், அந்தப் பொம்பளை வரமாட்டாள் என்று அக்கா அவள் காதில் சொன்னாள். மகி நம்பாமல் நாலு பக்கமும் பார்த்தாள். அவள் கண் தலைவர்மேல் போய் நின்றது. மனிதர் லேசாகத் தூங்கி விழ, மூக்குக்கண்ணாடி வழுக்கி மூக்கு நுனிக்கு வந்திருந்தது.

"ஹோபஃபாம்" என்றாள் மகி.

அக்கா ஒரு நொடி திகைத்தாள், பிறகு வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "கண்ணாடி வழுக்கி விழுவறதைச் சொல்றாளுங்க. இன்னிக்குத்தான், இப்பத்தான் மொதத் தடவை சொல்றா!"

சபை சிரித்தது. தலைவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தானும் சிரித்தார். மகி எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து இன்னொரு தடவை, சத்தமாக, 'ஹோபஃபாம்' என்றாள். அந்த நிமிடத்தில் நாங்கள் ஜெயித்திருந்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், ஜெயித்திருந்தோம்.

செண்பகவல்லி தன் முன்னால் இருந்த எந்திரத்தில் அந்தச் சொல்லைப் போட்டார். நான்கு நொடி ஆயிற்று.

"'ஹொஹப்', சரிவு. 'ஃபஹம்', பனிக்கட்டி, பளிங்கு. மூன்றாம் விதியும் பதினோராம் விதியும் சேர்ந்தால் ஹோபஃபாம் வருகிறது. வழுக்கும் பளிங்கு. திரு. சிபியின் பட்டியலில் இந்தச் சொல் இல்லை. ஆனால் அவர் விதியிலிருந்து பிறக்கிற சொல்தான், ஐயா."

"அது பிறக்கத்தானுங்க செய்யும்!" என்று கத்தினேன். "அந்த விதியையே அவ தொண்டைய அளந்துதான் எழுதினேன். அவ என்ன சத்தம் போட்டாலும் அதுக்குள்ள அடங்கும்!"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்படியானால் இந்தக் குழந்தை இனிமேல் பேசப்போகிற எல்லாமே உங்கள் பதிவுக்குள் அடங்கும் என்று நீங்களே சொல்கிறீர்கள்."

நான் உட்கார்ந்துவிட்டேன். யானை தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாலாவது பிறகு குளிப்பாட்டிவிடலாம்.

மனு தள்ளுபடி. ஹோபஃபாம் என்ற சொல் அன்றே பதிவகத்தில் ஏறியது, ஆக்கியவர் சிபி என்று.

ஊர் திரும்பிய பிறகு மகி, பள்ளியில் கொடுத்திருந்த தட்டும் பலகையையும் தொடுவதை நிறுத்தினாள். பசித்தால் போய்ச் சமையலறையில் நிற்பாள். ஒரு நாள் பள்ளியில் வயிற்றுவலியோடு நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறாள், யாரிடமும் சொல்லவில்லை. குடல்வால் வெடிக்கிற நிலை. ஆஸ்பத்திரியில் வலி எங்கே என்று டாக்டர் கேட்டபோது வாயைத் திறந்தாள். வணக்கம் சொல்லி நன்றி சொன்னது பட்டை. டாக்டர் அதைக் கழற்றச் சொன்னார்.

பிழைத்துக்கொண்டாள். அதற்கு மறுவாரம் ராஜலிங்கமே எங்களைத் தேடி வந்தார். சட்டத்தில் ஒரு பிரிவு கண்டுபிடித்திருந்தார். ஒரு மொழியை ஆக்கியவரும், அவரிடம் நேரடியாகக் கற்ற இரத்த உறவும் அதை எங்கேயும் பேசலாம். 'கற்றோர் உரிமை' என்று பெயர்.

"ஒரு உறுதிமொழி மட்டும் போதுங்க. அம்மாதான் கையெழுத்துப் போடணும்" என்று தாளை நீட்டினார். நல்ல மனிதர் என்றேனே, கண்ணைப் பார்க்காமல்தான் நீட்டினார்.

அக்கா வாய்விட்டு வாசித்தாள். "என் மகள் மகிழினி பேசும் மொழி முழுவதும் என் தம்பி சிபி ஆக்கியது. அவரிடமிருந்தே அவள் கற்றாள். அவள் தானாக எந்தச் சொல்லையும் ஆக்கியதில்லை. இனி ஆக்குவதாகத் தோன்றுபவையும் அவருடைய மொழியைச் சேர்ந்தவையே." வாசித்து முடித்து என்னைப் பார்த்தாள். "இது பொய்யின்னு உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்க்கா."

"எனக்கும் தெரியும். அவளுக்கு?"

நான் பேனாவை எடுத்து நீட்டினேன்.

"எங்கீங்க போடணும்?" என்று ராஜலிங்கத்திடம் கேட்டு, அவர் காட்டிய இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டாள். பெயரை முழுதாக எழுதினாள், ஒரு எழுத்து விடாமல். அதற்குப் பிறகு அக்கா என்னோடு பேசுவதில்லை. வீட்டுக்கு வராதே என்று சொல்லவில்லை. வந்தால் சோறு போடுவாள். உறுதிமொழியின்படி நான் மாதம் இரண்டு முறை போய்க் கற்றுக் கொடுக்கவும் வேண்டும், சோதனைக்கு ஆள் வருவார்கள்.

பட்டையைத் திறந்துவிட்டார்கள். மகி பேசுகிறாள். பள்ளியில் அவளுக்கு மரியாதை கூடிவிட்டது. அவள் மாமாதான் அந்த மொழியைக் கண்டுபிடித்தவர் என்று டீச்சர் வகுப்பில் சொன்னாராம். என் அகராதியைப் படம் போட்ட பதிப்பாக நூலகத்தில் வாங்கி வைத்திருக்கிறார்கள். அதை எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். அம்மா என்பது நெருப்பைக் காக்கும் குகையிலிருந்து வந்தது என்று எனக்கே விளக்கினாள். அவள் கண்ணில் அவ்வளவு பெருமை.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். அக்கா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, கை நின்றுபோயிருந்தது. ஜன்னலையும் பார்க்கவில்லை, சுவரையும் பார்க்கவில்லை. சும்மா நின்றாள். கையெழுத்துப் போட்டதிலிருந்து அப்படித்தான் அடிக்கடி நிற்கிறாள் போலிருக்கிறது.

மகி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அம்மாவைக் காட்டினாள். பிறகு தன் நெஞ்சில் கையை வைத்து, கொஞ்சம் அழுத்தி, என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். அதற்கு என்ன சொல் என்று கேட்கிறாள்.

"கோவமா?" என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். "அழுகையா?" அதுவும் இல்லை. "அசதி?" பொறுமையில்லாமல் கையை உதறினாள். தமிழ்ச் சொல் அவளுக்கு வேண்டாம். அகராதியைக் கொண்டு வந்து மடியில் வைத்துக்கொண்டாள், அதில் இல்லை என்று பக்கங்களைப் புரட்டிக் காட்டினாள்.

முன்பானால் இதற்குள் சொல்லியிருப்பாள். கண்ணாடி வழுக்கினால் ஒரு நொடியில் சொல் பிறந்த வாய் அது. நான் காத்திருந்தேன். "நீயே சொல்லு கண்ணு" என்றேன். "நீ என்ன சொல்றியோ அதுதான் பேரு."

மகி என்னை விசித்திரமாகப் பார்த்தாள். விரலை என் நெஞ்சில் குத்தினாள். நீதானே சொல்ல வேண்டும், நீதானே மாமா செய்கிறவன்.

"நீ சொல்லு மகி. ஒரே ஒரு தடவை."

சொல்லவில்லை. தப்பு செய்யச் சொல்கிற பெரியவரைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு, உதட்டை மூடி, நல்ல பிள்ளையாகக் காத்திருந்தாள். சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு நிமிடம் இருக்கும். அதற்கு மேல் அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ஏழாம் விதியை எடுத்தேன், இரண்டு வேரை ஒட்டினேன். "மொஹூபா" என்றேன்.

மகி அதைத் திருப்பிச் சொன்னாள். சரியா என்று என்னைப் பார்த்தாள். சரி என்றேன். அகராதியின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டாள்.